சாதாரண காந்தாரம்

தோடியில் வரும் காந்தாரத்துக்குச் சாதாரண காந்தாரம் என்று பெயர். எத்தனையோ வருஷமாகக் காதில் விழும் பெயர்தான். இருந்தும் ஒவ்வொரு முறையும் செருப்புக்குள் புகுந்த பொடிக்கல் போல உறுத்துகிறது. தோடியின் காந்தாரத்தில் சாதாரணமாக ஒன்றுமே கிடையாது. வீணையில் அதற்குரிய மெட்டின் மேல் விரலை வைத்து மீட்டினால் ஒரு சுரம் கேட்கும். சுருதியோடு சேர்ந்தும் நிற்கும். ஆனால் அது தோடி ஆகாது. ரிஷபத்துக்கும் மத்தியமத்துக்கும் நடுவே அது ஓயாமல் ஆடிக்கொண்டிருக்க வேண்டும். ஆட்டம் மயிரிழை அகன்றால் அலங்கோலம், குறுகினால் வெறும் நடுக்கம். முன்னே பின்னே வரும் சுரத்தைப் பொறுத்து ஆட்டத்தின் வேகமும் மாறும். சிஷ்யர்கள் வருஷக்கணக்கில் பாடுபட்டுப் பிடிக்கிற சுரம் இது. ராஜரத்தினம் பிள்ளையின் தோடி என்றால் ஊரே திரண்டதே, அந்தத் தோடிக்கு உயிர்நிலை இந்தக் காந்தாரம்தான். அதற்குப் போய்ச் சாதாரணம் என்று பெயர் வைத்தவர் யார் என்று கோபம்கூட வந்ததுண்டு. சாஸ்திரம் படித்தவர்களிடம் பதில் தயாராக இருக்கிறது: சம்ஸ்கிருதத்தில் அந்தச் சொல்லுக்கு இரண்டு பேருக்கும் பொதுவானது, இடைப்பட்டது என்று பொருள், இரண்டு நிலைகளுக்கு நடுவே நிற்பதால் அப்படிச் சொன்னார்கள். சரியான பதில்தான். புதிர் தீர்ந்துவிடுகிறது. உறுத்தல்தான் போகவில்லை. ஏனென்றால் தமிழ்க் காது அந்தச் சொல்லைச் சாஸ்திரத்தில் கேட்பதில்லை. சாதாரணக் கட்டணம் என்று பலகை மாட்டிய டவுன் பஸ்ஸில் கேட்கிறது.

வீட்டிலும் தெருவிலும் புழங்கும் சொல் ஒன்று வித்தைக்குள் போய் உட்கார்ந்தபின் பழைய வாசனையை எவ்வளவு நாள் விடாமல் வைத்திருக்கும்? மைசூரில் இருப்பதால் இந்தக் கேள்வி கொஞ்சம் அதிகமாகவே தொந்தரவு செய்கிறது. இங்கே பாட்டு வாத்தியார் கன்னடத்தில் திட்டுவார், கீர்த்தனை தெலுங்கில் இருக்கும், லட்சணம் சம்ஸ்கிருதத்தில், மிருதங்கக்காரரின் பட்டறைப் பேச்சு பாதித் தமிழில், பக்கத்து வீட்டுப் பிள்ளை எழுதும் டிரினிட்டி காலேஜ் தியரி பரீட்சை ஆங்கிலத்தில். அரண்மனை இருந்த காலத்தில் கலவை இன்னும் அடர்த்தி. வீணை சேஷண்ணா இருந்த அதே சமஸ்தானத்தில் ஆக்ரா கரானாவின் நத்தன் கானும் வித்வானாக இருந்தார். கௌஹர் ஜான் தன் கடைசிக் காலத்தில், 1928-இல், இங்கே அரண்மனைப் பாடகியாக வந்து சேர்ந்து 1930 ஜனவரியில் இந்த ஊரிலேயே கண்ணை மூடினார். அந்தச் சபையில் யாராவது ஒருவர் 'சுத்த ரிஷபம்' என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பார்ப்பேன். தெற்கத்தி வித்வானுக்கு அது ஷட்ஜத்தை ஒட்டி அடுத்தாற்போல் இருக்கும் சுரம். வடக்கத்தி உஸ்தாதுக்கு அதற்கும் ஒரு படி மேலே இருப்பது. நமக்குச் 'சுத்தமாக' இருக்கும் அந்தக் கீழ்ப்படி அவருக்குக் 'கோமள்', அதாவது மென்மையானது. அதே இடத்தை அரண்மனை பேண்டுக்காரர் கேட்டால் 'ஃப்ளாட்' என்பார், சப்பை. ஆர்மோனியத்தில் ஒரே ஒரு கறுப்புக் கட்டை. ஒருவருக்கு அது குளித்துவிட்டு வந்து நிற்கிறது, ஒருவருக்குக் குழைகிறது, ஒருவருக்கு நசுங்கிக் கிடக்கிறது. சத்தம் ஒன்றுதான் என்று அறிவு சொல்லும். மூன்று பேரும் ஒரே சத்தத்தைத்தான் கேட்டார்களா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. சுத்தம் என்று சொல்லிக் கொடுக்கப்பட்ட சுரத்தை மாணவன் அசைக்காமல் நேராகப் பிடிக்கப் பார்ப்பான். கோமள் என்று சொல்லிக் கொடுத்தால் கொஞ்சம் தழைந்து வருவான். என் காதில் பட்டது இது, நிரூபணம் கேட்டால் என்னிடம் இல்லை.

வேடிக்கை என்னவென்றால் ஐரோப்பாவிலும் இந்தச் சப்பைக்கு முன்னோர் ஒரு மென்மைதான். இடைக்காலத்து மடாலயங்களில் 'பி' என்ற சுரத்தை இரண்டு விதமாகப் பாடினார்கள். தாழ்ந்ததை வட்ட வடிவில் எழுதி மெல்லிய பி என்றார்கள். உயர்ந்ததைச் சதுரமாக எழுதி வன்மையான பி என்றார்கள். வட்டம்தான் இன்றைய ஃப்ளாட் குறி. சதுரத்திலிருந்துதான் 'நேச்சுரல்' குறியும் 'ஷார்ப்' குறியும் இரண்டுமே கிளைத்தன. ஆக, 'இயல்பு' என்று இன்று அழைக்கப்படுவது ஒரு காலத்தில் 'கடினம்' என்று இருந்தது. எது இயல்பு என்பதை யாரோ பிற்பாடு உட்கார்ந்து தீர்மானித்திருக்கிறார்கள். பியானோவின் வெள்ளைக் கட்டைகளெல்லாம் இயல்பு, கறுப்பெல்லாம் அதிலிருந்து ஏறியதோ இறங்கியதோ என்று ஆனது அதன் பிறகு. ஆங்கிலத்தில் இன்னொரு சங்கடமும் இருக்கிறது. 'எஃப் ஷார்ப்' என்றால் சுரத்தின் பெயர். பாடுகிறவனைப் பார்த்து 'ஷார்ப்பாகப் போகிறாய்' என்றால் குற்றச்சாட்டு. எஃப் ஷார்ப்பையே ஒருவன் ஃப்ளாட்டாகப் பாடி மாட்டிக்கொள்ளலாம். ஒரே சொல் காலையில் பெயராகவும் சாயங்காலம் புகாராகவும் வேலை பார்க்கிறது. நல்லவேளை, நாம் 'சுருதி ஏறுது', 'சுருதி விலகுது' என்று புகாரைத் தனியாக வைத்திருக்கிறோம்.

பக்கத்து வீட்டுப் பெண் கீபோர்டு வகுப்புக்குப் போகிறவள். ஒரு நாள் தியரிப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "மாமா, ஆக்சிடென்டல்னா தெரியாம விழுந்ததுன்னுதானே அர்த்தம்? கம்போஸர் தெரிஞ்சுதானே அதை எழுதியிருக்கார்?" என்றாள். வெறும் பேருதாம்மா அது என்றேன். "அப்போ ஏன் அந்தப் பேரு?" பழைய தத்துவப் பாடத்தில் பொருளின் சாரம் என்று ஒன்று, அதன்மேல் வந்து ஒட்டியது என்று ஒன்று, இந்த இரண்டாவதைக் குறித்த சொல் அது, ராகத்தின் உறுப்பினர் பட்டியலில் இல்லாமல் வெளியிலிருந்து வந்த சுரத்துக்குப் பெயரானது என்று சொல்லிப் பார்த்தேன். பாதியிலேயே அவள் கண் ஃபோனுக்குப் போய்விட்டது. எனக்கென்னவோ நம்முடைய 'அன்னிய ஸ்வரம்' நினைவுக்கு வந்தது. பைரவியை எடுத்துக்கொள்ளுங்கள். தாய் ராகத்தின் கணக்குப்படி சதுச்ருதி தைவதம் அதற்கு அன்னியம். ஆனால் பைரவியின் ஆரோகணத்திலேயே அது சட்டமாக உட்கார்ந்திருக்கிறது. அதை எடுத்துவிட்டுப் பைரவி பாடவே முடியாது. வாசல் வழியாக வந்து, கூடத்தில் அமர்ந்து, குடும்ப அட்டையில் பெயர் மட்டும் ஏறாத சுரம். மைசூரில் மூன்று தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு இந்தத் தைவதத்தின் நிலைமை விளக்காமலே புரியும்.

இதுநாள்வரை ஆங்கிலச் சொற்களைப் பற்றி எனக்கு ஒரு நம்பிக்கை இருந்து வந்தது. நம் வீட்டில் புழங்காத சொல் என்பதால் அவை கூழாங்கற்கள் மாதிரி வெறுமையாக வந்து சேரும், பழைய வாசனை எதுவும் இருக்காது, கலைச்சொல்லாக இருக்க அதுதான் தோது என்று. தமிழில் அந்தச் சொற்கள் பட்ட பாட்டைப் பார்த்தால் அப்படிச் சொல்ல முடியவில்லை. 'ஸ்கேல்' என்றால் நம் பள்ளிக்கூடத்தில் கோடு போடுகிற மரச்சட்டம், புறங்கையில் விழுந்ததும் அதுதான். 'மைனர்' என்றால் சொத்தை விற்றுத் தின்கிற பட்டு ஜிப்பா ஆசாமி, கழுத்தில் மைனர் செயின். சினிமாப் பாட்டுக்காரர்கள் 'மைனர் கார்டு' என்று சோகத்துக்குப் போடும்போது எனக்கு ஜவ்வாது மணக்கிறது. 'நோட்டு' விஷயம் இன்னும் சுவாரசியம். கடையில் அது பணம், பள்ளியில் கணக்கு எழுதுவது. சங்கீதத்தில் ஆங்கிலேயன் ஒற்றைச் சுரத்துக்கு வைத்திருந்த அந்தப் பெயரை நாம் ஒரு முழு உருப்படிக்கே வைத்துவிட்டோம். மணலியில் இருந்த நாட்களில் சென்னைக் கோட்டையின் பேண்டைக் கேட்டு அந்த மெட்டுகளுக்கு முத்துஸ்வாமி தீட்சிதர் சாகித்தியம் செய்தவை நோட்டுஸ்வரங்கள். இங்கிலாந்து ராஜாவை வாழ்த்தும் மெட்டில்கூட ஒன்று உண்டு. அப்புறம் மதுரை மணி ஐயர் கச்சேரிக்குக் கச்சேரி பாடிக் கைதட்டல் வாங்கிய 'இங்கிலீஷ் நோட்டு'. அதைச் செய்தவர் ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர், நாலாம் கிருஷ்ணராஜ உடையாரின் ஆஸ்தான வித்வான். சாமுண்டேஸ்வரி மேல் 108 கீர்த்தனைகளை இந்த ஊரில் பாடிய அதே மனிதர். அவர் காலத்தில் தசரா என்றால் ஒரு பக்கம் கர்நாடக வாத்தியக் கோஷ்டி, ஒரு பக்கம் இங்கிலீஷ் பேண்டு. இன்றும் அரண்மனை முன்னால் போலீஸ் பேண்டில் அந்த இரண்டு பிரிவையும் பார்க்கலாம். பாகவதருக்கு 'நோட்டு' என்றால் என்ன கேட்டிருக்கும்? சுரமா, மெட்டா, வெள்ளிப் பொத்தான் வைத்த சிவப்புச் சட்டையா? எதுவானாலும் வெறுமையாகக் கேட்டிருக்காது என்றுதான் நினைக்கிறேன். வெறுமையான சொல் என்று ஒன்று கிடையவே கிடையாதோ என்னவோ. வந்த இடத்தில் ஒரு வருஷம் குடியிருந்தாலே சுவரில் ஆணி அடித்துவிடுகிறது. பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு ஆங்கிலமே பாதி வீட்டு மொழி. அவள் தாத்தாவுக்குக் கூழாங்கல்லாக இருந்த 'ஆக்சிடென்ட்' அவளுக்கு ரிங் ரோட்டில் நேற்று நடந்தது.

ஆனால் இந்தப் பழைய வாசனை எல்லா இடத்திலும் இடைஞ்சல் செய்வதாகவும் சொல்ல முடியாது. 1904-இல் எட்டயபுரத்தில் சுப்பராம தீட்சிதர் சங்கீத சம்பிரதாய பிரதர்சினியை அச்சேற்றினார். புத்தகம் தெலுங்கில். கமகங்களுக்கு அவர் கொடுக்கும் பெயர்களில் கம்பிதம், ஸ்புரிதம் என்று சாஸ்திரச் சொற்கள் சில. அவற்றின் நடுவே ஒதுக்கல், நொக்கு, ரவை, ஏற்ற ஜாரு, இறக்க ஜாரு என்று ஒரு தனி இனம். ஒதுக்கலை யாருக்கும் விளக்க வேண்டாம். மெட்டின் மேலேயே தந்தியை ஒரு பக்கமாக ஒதுக்கினால் மேல் சுரம் பேசும். தலைமுடியை ஒதுக்குகிறோம், தட்டில் கறிவேப்பிலையை ஒதுக்குகிறோம், அதே விரல் வேலை. ஜாரு என்ற சொல்லை நான் முதலில் வீணைப் பாடத்தில்தான் கேட்டேன், எனக்கு அது முழுக்க வித்தைச் சொல். மைசூருக்கு வந்தபின் முதல் மழையில் படிக்கட்டில் ஒரு அம்மாள் "ஜாருத்தெ, ஹுஷாரு!" என்று கத்தினார். கன்னடத்தில் வழுக்குவதற்கு அதுதான் சொல். பூங்காவில் பிள்ளைகள் சறுக்கி விளையாடும் பலகைக்கு ஜாருபண்டெ. தந்தியை விட்டு எடுக்காமல் ஒரு மெட்டிலிருந்து இன்னொரு மெட்டுக்கு விரல் போவதை, பிடியும் இருக்க வேண்டும், தடையும் இருக்கக்கூடாது என்பதை, நாலு பக்கம் எழுதிப் புரியவைப்பதைவிட அந்தச் சறுக்குப் பலகையில் ஒரு குழந்தை இறங்குவதைக் காட்டினால் போதும். வித்தைக்குள் மட்டும் கேட்டுக்கொண்டிருந்த சொல் தெருவில் உயிரோடு திரிவதைப் பார்ப்பது தனி சந்தோஷம். உள்ளூர்க்காரர்களுக்கு இது கிடைக்காது.

மிருதங்கப் பட்டறைக்குப் போனால் சமையலறைக்குள் நுழைந்தது போலவே இருக்கும். வலந்தலையின் நடுவில் இருக்கும் கறுப்பு வட்டத்துக்குச் சோறு என்றோ சாதம் என்றோ பெயர். பெயர் மட்டுமில்லை, நிஜமாகவே சோறு. குழைய வடித்த சோற்றை மசித்து, கிட்டக்கல் பொடியைக் கலந்து, துளித்துளியாக வைத்து, வழவழப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்து ஏற்றுகிறார்கள். ஒரு அடுக்கு காய்ந்தபின் அடுத்தது. ஈரமும் இரும்பும் கலந்த ஒரு மணம், பழைய சாதமும் கொல்லன் பட்டறையும் சேர்ந்தாற்போல. இடது பக்கத்துக்குத் தொப்பி என்று பெயர். கச்சேரிக்கு முன் அதில் ரவையைப் பிசைந்து அப்பி, முடிந்ததும் சுரண்டி எடுப்பார்கள். தம்பூராவுக்கும் வீணைக்கும் குதிரை. இவற்றைக் கேட்டு எந்த மாணவனும் குழம்பியதாகத் தெரியவில்லை. 'சாதம் போயிடுச்சு, புதுசா போடணும்' என்றால் யாரும் அடுப்படிப் பக்கம் பார்ப்பதில்லை. கையிலிருந்து பிறந்த சொற்கள் இவை. கைக்கே திரும்பிப் போகின்றன. என்ன செய்ய வேண்டும், எப்படித் தொட வேண்டும் என்று சொல்வதோடு அவற்றின் வேலை முடிந்தது. சாதாரணம், சுத்தம், அன்னியம், நேச்சுரல் என்பவை வேறு ஜாதி. கணக்குப்பிள்ளையின் மேஜையில் பிறந்தவை. எங்கே விரல் வைப்பது என்று அவை சொல்வதில்லை. எது யோக்கியம், எது உள்ளூர், எது வெளியூர் என்று தீர்ப்புச் சொல்கின்றன. என் உறுத்தலுக்குக் காரணம் இதுவாகத்தான் இருக்க வேண்டும். இரண்டு வகையும் ஒரே மூச்சில், ஒரே வாத்தியார் வாயிலிருந்து வருவதால் வித்தியாசம் தெரிவதில்லை.

தீர்ப்புச் சொல் என்ன செய்யும் என்பதற்கு 'விவாதி'யைவிட நல்ல சாட்சி கிடையாது. 72 மேளகர்த்தாக்களில் 40 விவாதி மேளங்கள். பக்கத்துப் பக்கத்துச் சுரங்கள் ஒன்றையொன்று உரசிக்கொள்ளும் என்பதுதான் விஷயம்; காதுக்குக் கொஞ்சம் காரம். அதற்கு விவாதி என்று பெயர் வைத்த நாளிலிருந்து அது சண்டையாகிவிட்டது, சண்டை தோஷமாகிவிட்டது, தோஷம் என்றால் பாடுகிறவனுக்கும் கேட்கிறவனுக்கும் ஆகாது என்று பெரிய வித்வான்களே ஒதுங்கினார்கள். கோடீஸ்வர ஐயர் 72 மேளத்திலும் தமிழில் கீர்த்தனை செய்து வைத்தார். அந்தத் துணிச்சலுக்கு இன்றும் போதுமான மரியாதை கிடைக்கவில்லை என்பது என் கட்சி. பழந்தமிழ் இசைக்காரர்களும் இதில் சளைத்தவர்கள் இல்லை. சிலப்பதிகார உரையில் நரம்புகளுக்குள் இணை, கிளை, பகை, நட்பு என்று உறவு சொல்லியிருக்கிறது. சுரங்களுக்குள்ளேயே ஒரு ஊர் அரசியல். காந்தாரத்துக்கு அன்று கைக்கிளை என்று பெயர். ஒருதலைக் காமத்துக்கும் அதே சொல். விபுலாநந்தரின் யாழ் நூல் 1947-இல் வந்தது. அதைப் புரட்டும்போதெல்லாம் ஏழு சுரங்களின் பழந்தமிழ்ப் பெயர்களில் என் கண் கைக்கிளையில்தான் நிற்கும். தோடியின் காந்தாரத்துக்கு அந்தப் பெயரே இருந்துவிட்டுப் போயிருக்கலாம். மத்தியமத்தைத் தொட்டுத் தொட்டுத் திரும்புகிற சுரம் அது. இப்படிச் சொல்லும்போது நானும் ஒரு தீர்ப்பைத்தான் எழுதுகிறேன் என்பது தெரிகிறது; ஆனாலும் இது கொஞ்சம் நல்ல தீர்ப்பு.

லயத்தில் இந்தத் தொல்லை குறைவு என்று நினைத்திருந்தேன். மிருதங்கக்காரர் மூன்று முறை வாசித்து முடிக்கும் சொற்கட்டுக்குத் தமிழில் தீர்மானம் என்கிறோம். மைசூரில் அதை முக்தாய என்பார்கள், கூட்டம் முடிந்தது என்று அறிவிக்கவும் அதே சொல். ஒரு ஊரில் முடிவு செய்கிறார்கள், ஒரு ஊரில் முடித்து வைக்கிறார்கள். தமிழ்நாட்டு மிருதங்கத்தில் கடைசி 'தா' விழும்போது ஒரு அதிகாரம் தெரிவதாகவும் மைசூர்க்காரர்களிடம் ஒரு மரியாதை தெரிவதாகவும் எனக்குத் தோன்றுவதுண்டு. இதை வி.வி. மொஹல்லா எட்டாவது கிராஸ் கணபதி உற்சவக் கச்சேரிப் பந்தலில் ஒரு மிருதங்கக்காரரிடம் சொன்னேன். "சும்மா இருங்கோ ஸார், ரெண்டும் ஒரே கணக்கு" என்றார். மைசூர் மகாராஜா ஜயசாமராஜேந்திர உடையாரைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று யோசிக்கிறேன். வாசுதேவாச்சாரியாரிடம் பாடம் கேட்டு 94 கீர்த்தனைகள் செய்தவர், பியானோ பயின்றவர், ருஷ்ய இசைக்காரர் மெட்னரின் இசைத்தட்டுகள் வெளிவரப் பணம் கொடுத்து, அவருடைய மூன்றாவது பியானோ கான்செர்ட்டோவைக் காணிக்கையாகப் பெற்றவர். 'தீர்மானம்' என்ற பொருளிலேயே மேற்கத்தியாருக்கும் ஒரு சொல் உண்டு, உரசல் தணிந்து சுரங்கள் ஒத்துப்போவதற்கு. அவர் காதில் அந்த இரண்டும் எந்த இடத்தில் சேர்ந்தன, எந்த இடத்தில் பிரிந்தன?

தீர்ப்பே இல்லாத பெயர்களும் நம்மிடம் இருக்கின்றன என்பதுதான் இதில் கடைசியாக எனக்கு வந்து சேர்ந்த சங்கடம். வேங்கடமகியின் மரபில் மூன்று ரிஷபத்துக்கு ர, ரி, ரு. மூன்று காந்தாரத்துக்கு க, கி, கு. தைவதம், நிஷாதத்துக்கும் அப்படியே. மத்தியமம் இரண்டும் ம, மி. சுத்தமும் இல்லை, சாதாரணமும் இல்லை, உயிரெழுத்து மட்டும் மாறுகிறது. இதைவிட நியாயமான ஏற்பாட்டை எந்தக் குழு உட்கார்ந்தாலும் செய்ய முடியாது. ஆனால் யாரும் 'கி' என்று பாடுவதில்லை. மேளகர்த்தா அட்டவணையைப் பார்க்கும்போது சொல்லிவிட்டுக் கீழே வைத்துவிடுகிறோம். தோடியானாலும் கல்யாணியானாலும் வாயில் வருவது ஒரே 'க'. எந்த 'க' என்பதை விரலும் தொண்டையும் பார்த்துக்கொள்கின்றன. வாத்தியார்களும் தோடி சொல்லிக்கொடுக்கும்போது சாதாரணம் என்ற சொல்லை எடுப்பதே இல்லை. "இப்படி, இப்படி" என்று கையை அசைக்கிறார்கள், அவ்வளவுதான். போன மாதம் அந்தப் பக்கத்து வீட்டுப் பெண் ஃபோனில் சிநேகிதியிடம் பரீட்சைக் கணக்கு பேசிக்கொண்டிருந்தது ஜன்னல் வழியாகக் கேட்டது. "ரெண்டாவது லைன்ல எத்தனை ஆக்சி? நான் மூணு போட்டேன், ஒண்ணு நேச்சு."